தட்டும் சத்தம், ஒரு பக்க இழுப்பு: லட்சம் கிலோமீட்டர் தாண்டிய காரோடு என் அனுபவம்

என்னுடையது முன்சக்கர டிரைவ் கார், லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. சஸ்பென்ஷன் முன்னால் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக அமைந்த தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்). சின்னக் கார்களில் பெரும்பாலும் இதே அமைப்புதான் என்பதால் நான் சொல்வது பலருக்கும் பொருந்தும். இஞ்சினும் கியர்பாக்ஸும் இதுவரை பெரிய தொல்லை தரவில்லை. என் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டவை இரண்டு: முன்பக்கத்தில் தட்டும் சத்தம், அப்புறம் ஸ்டியரிங்கில் பிடி தளர்ந்தால் வண்டி ஒரு பக்கம் இழுப்பது.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதை வைத்துத் தேடுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பாடியின் தகடு சத்தத்தைக் கடத்திவிடும். இடது சக்கரத்தில் இருக்கும் கோளாறு வலது காலடியில் கேட்கும். எப்போது வருகிறது என்பது அப்படி ஏமாற்றுவதில்லை. பிரேக் பிடிக்கும்போதா, ஸ்டியரிங் திருப்பும்போதா, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போதா? மெக்கானிக்கிடம் இதைச் சரியாகச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் வந்தது மெதுவாகப் போகும்போது கேட்கும் டக் டக். கரடுமுரடான சாலையில் நிற்காமல் கேட்டது, நல்ல சாலையில் சுத்தமாக இல்லை. வேகத்தடையில் இரண்டு முன்சக்கரங்களும் ஒரே நேரத்தில் ஏறினால் சத்தமே கிடையாது. ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படி சாய்வாக விட்டால் உடனே வந்தது. இந்த ஒரு வித்தியாசமே போதும், ஸ்டெபிலைசர் பாரை (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பி) சக்கரப் பகுதியோடு இணைக்கும் லிங்க் ராடைச் சந்தேகப்படலாம். இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கிக்கொள்ளாமல் கூடவே எழும்பும். லிங்க்கில் சுமை விழாது. ஒரு பக்கம் மட்டும் எழும்பினால்தான் லிங்க் இழுபடும், அதன் முனையில் இருக்கும் தேய்ந்த பந்து கிண்ணத்துக்குள் அடிக்கும். ஆனால் வண்டியை லிஃப்டில் தூக்கி லிங்க்கை ஆட்டிப் பார்த்தால் ஆட்டம் தெரியாமல் போகலாம். சக்கரங்கள் தொங்கும்போது லிங்க் ஒரு கோணத்தில் இறுகி நிற்கலாம் என்பதுதான் காரணம். சக்கரம் தரையில் இருக்கும்போது கையால் பிடித்துக் குலுக்கினால் தெரிந்துவிடும். என் காரில் ரப்பர் உறை கிழிந்து, உள்ளே கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருப்பொடிதான் இருந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றினேன். பிரேக் பேட் போல இதுவும் தேய்ந்து தீரும் பொருள்தான். மறுபடி சத்தம் வந்தால் வருத்தப்பட ஒன்றுமில்லை.

அடுத்து வந்த சத்தம் வேறு மாதிரி. பிரேக்கை மிதித்தவுடன் ஒரே ஒரு 'தொம்'. பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது இன்னொன்று. கூடவே, பிரேக் பிடித்தால் வண்டி இடது பக்கம் போனது, வேகம் எடுக்கும்போது அந்த இழுப்பு மாறியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஷாக் அப்சார்பர் போய்விட்டது, இரண்டையும் மாற்ற வேண்டும் என்றார்கள். ஷாக்கில் எண்ணெய்க் கசிவே இல்லை. முன்பக்கத்தை அழுத்தி விட்டால் ஒரே மூச்சில் எழும்பி நின்றது. அதனால் மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொரு மெக்கானிக் வண்டியைத் தூக்கி, லோயர் ஆர்மின், அதாவது சக்கரத்தைக் கீழிருந்து பாடியோடு இணைக்கும் கையின், பின்பக்க ரப்பர் புஷ்ஷுக்குப் பக்கத்தில் கம்பியை நுழைத்து லேசாக நெம்பினார். வெளியிலிருந்து பார்க்கும்போது முழுசாகத் தெரிந்த ரப்பர், நெம்பியதும் வாய் திறப்பது போலப் பிளந்தது. நடுவில் இருக்கும் உலோகக் குழாயை விட்டு அரைவட்டத்துக்கு மேல் ரப்பர் பிரிந்திருந்தது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னால் தள்ளப்படுகிறது. அதைத் தாங்க வேண்டிய புஷ் கிழிந்திருந்தால் அந்தப் பக்கம் காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறையும். காஸ்டர் குறைந்த பக்கம்தான் வண்டி இழுக்கும். தள்ளப்பட்ட ஆர்ம் போய் முட்டும் சத்தம்தான் அந்த 'தொம்'. சத்தமும் இழுப்பும் பிரேக்கோடு சேர்ந்து வந்தால் நான் முதலில் பார்ப்பது இந்த புஷ்ஷைத்தான்.

இந்தப் புஷ் விஷயத்தில் எனக்கு ஆதங்கம் உண்டு. முதலில் போட்ட ஜோடி நீடிக்கவே இல்லை. சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்மின் போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டார்கள். இந்த வகைப் புஷ்ஷில் உள்குழாய் சுழலாது, ரப்பர்தான் முறுக்கிக்கொடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும் சாதாரண நிலையிலேயே ரப்பர் முறுக்கிய நிலையில் இருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் முறுகும், சீக்கிரம் கிழியும். இரண்டாவது ஜோடியை மாட்டும்போது, போல்ட்டைக் கையால் மட்டும் இறுக்கி விட்டுவிட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் விழுந்த பிறகு டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பானர்) இறுக்கச் சொன்னேன். அந்த ஜோடி இன்றும் ஒரு வெடிப்புகூட இல்லாமல் இருக்கிறது. பொருளின் தரம் முக்கியம்தான், ஆனால் மாட்டும் விதம் அதைவிட முக்கியம் என்று இதை வைத்தே சொல்கிறேன்.

இனி சத்தமே இல்லாத வெறும் இழுப்பு. முதலில் காற்று. டயர் குளிர்ந்திருக்கும்போது, டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுப்படி பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் சில பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அடுத்து சாலை. தண்ணீர் வடிய சாலையின் ஓரம் சரிவாக இருக்கும், எந்த நல்ல வண்டியும் அந்தப் பக்கம் மெல்ல நகரும். எதிர்ப்பக்கம் சரியும் இன்னொரு சாலையிலோ, சமமான பெரிய மைதானத்திலோ ஓட்டிப் பார்த்த பிறகுதான் இழுக்கிறது என்று முடிவு செய்ய வேண்டும்.

புது டயர் போட்ட பிறகு என் கார் வலது பக்கம் இழுத்தது. வீல் அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது) செய்தும் போகவில்லை, திரும்பச் செய்தும் போகவில்லை. முன்னால் இருக்கும் இரண்டு டயரையும் இடம் மாற்றியவுடன் இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது! டயருக்குள் இருக்கும் எஃகுக் கம்பிப் பெல்ட் துல்லியமாக நடுவில் அமையாவிட்டால் டயர் லேசான கூம்பு போல நடந்துகொள்ளும், ஒரு பக்கமாகவே உருளப் பார்க்கும். தேய்மானம் ஒரே சீராக இருக்கும், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. அந்த டயரைப் பின்னால் தள்ளியதும் இழுப்பு போய்விட்டது. சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் இடம் வலம் மாற்றக் கூடாது. அதே பக்கத்தில் முன்பின் மாற்றிச் சோதிக்கலாம்.

அலைன்மெண்ட் செய்தால் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். பல சின்னக் கார்களில் மாற்ற முடிவது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான். டோ தவறினால் டயர் தேயும், ஸ்டியரிங் நேராக நிற்காது. ஆனால் முன்பக்க டோ தவறியதால் மட்டும் வண்டி தொடர்ந்து ஒரு பக்கம் இழுப்பது அரிது. தாளில் நான் தேடுவது கேம்பர் (சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே அல்லது வெளியே சாயும் கோணம்), காஸ்டர் இரண்டிலும் இடது வலது வித்தியாசம். அது அரை டிகிரியைத் தாண்டினால் காரணம் அங்கே இருக்கலாம்: வளைந்த ஸ்ட்ரட், அடிவாங்கிய ஆர்ம், நகர்ந்துபோன சப்ஃபிரேம் (ஆர்ம்கள் பொருந்தும் அடிச்சட்டம்). எல்லாக் கட்டமும் பச்சையாக, அதாவது அளவெல்லாம் சரியாக இருந்தும் வண்டி இழுத்தால், திரும்பவும் அலைன்மெண்ட் செய்வதில் பயனில்லை.

பிரேக் ஒட்டிக்கொண்டாலும் இழுக்கும். நெடுந்தூரம் ஓட்டி, கடைசிக் கொஞ்ச தூரம் பிரேக் அதிகம் பிடிக்காமல் வந்து நிறுத்தி, ரிம்முக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். டிஸ்க்கைத் தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) நகர உதவும் ஸ்லைடு பின் இறுகியிருக்கலாம். எனக்கு அதுதான் நடந்தது. பின்னைத் துடைத்து, பிரேக்குக்கென்றே வரும் சிலிகான் கிரீஸ் தடவியதோடு சரியாகிவிட்டது. சாதாரண பெட்ரோலிய கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிவிடும்.

திருப்பிய பக்கமே இழுக்கிறதா என்றும் கவனியுங்கள். வலது பக்கம் திரும்பிய பின் வலது பக்கமும், இடது பக்கம் திரும்பிய பின் இடது பக்கமும் இழுத்து, ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வராவிட்டால் ஸ்ட்ரட்டின் மேல்முனையில் இருக்கும் மவுண்ட் பேரிங் இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். வண்டியை நிறுத்தி ஒருவர் மெதுவாக ஸ்டியரிங்கைத் திருப்ப, இன்னொருவர் காயில் ஸ்பிரிங்கில் விரல் நுனியை வைத்தால் போதும். ஸ்பிரிங் முறுக்கேறி 'டங்' என்று விடுபடுவது விரலிலேயே தெரியும். சுருள்களுக்கு நடுவில் மட்டும் விரலை விடாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முழுசாக ஒடித்துத் திருப்பி நகர்த்தும்போது டிக் டிக் என்றால் டிரைவ் ஷாஃப்டின் சக்கரப் பக்க மூட்டான வெளிப்பக்க சிவி ஜாயிண்ட். பிரேக்கில் லேசாகக் கால் வைத்தவுடன் சத்தம் நின்றால் பிரேக் பேட் ஆடுகிறது, கிளிப்பைப் பாருங்கள். நிற்கும் வண்டியில் ரிவர்ஸ் போடும்போது இடித்தால் இஞ்சின் மவுண்ட். டயர் வேலை முடிந்து வந்த உடனே புதிதாகச் சத்தம் வந்தால் அங்கேயே ஓரமாக நிறுத்தி வீல் நட்டைச் சரிபாருங்கள். சக்கரத்தை ஆர்மோடு இணைக்கும் பால் ஜாயிண்டில் ஆட்டம் என்று தெரிந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். அது கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். இதில் மட்டும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே வேண்டாம்.

இப்போது ஒரு தொல்லை மிச்சமிருக்கிறது. கல் பெயர்ந்த சாலையில் மெல்லிய அதிர்வு ஸ்டியரிங் வழியாகக் கைக்கு வருகிறது. ஸ்டியரிங் ரேக்கை (ஸ்டியரிங்கைத் திருப்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் தண்டு) மாற்றச் சொல்கிறார்கள். சக்கரத்தை மூன்று மணி, ஒன்பது மணி நிலையில் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இல்லை, ரேக்கின் ரப்பர் உறைகள் கிழியவில்லை, நேர்சாலையில் ஸ்டியரிங் அலையவும் இல்லை. எனவே ரேக்கை இப்போதைக்கு மாற்றவில்லை. ஒவ்வொரு ஆயில் சர்வீஸின்போதும் சக்கரத்தை இதேபோல ஆட்டிப் பார்க்கிறேன். ஆட்டம் கையில் தெரிந்த அன்று மாற்றிவிடுவேன்.