வத்திக்கான் ஸ்காவி: பேராலயத்துக்கு அடியில் ஒன்றரை மணி நேரம்

ரோமில் பேதுரு பேராலயத்துக்குள் நுழைய டிக்கெட் தேவையில்லை. அதன் தரைக்கு அடியில் இருக்கும் பழைய இடுகாட்டை (ஸ்காவி, அதாவது அகழாய்வுப் பகுதி) பார்க்கத்தான் முன்பதிவு வேண்டும். குழுவுக்குப் பன்னிரண்டு பேர் அளவில், நாளொன்றுக்குச் சுமார் 250 பேரைத்தான் விடுகிறார்கள். அகழாய்வு அலுவலகத்துக்குச் சில மாதங்கள் முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள். வருகிற எல்லாருடைய பெயரும், வேண்டிய மொழியும், ரோமில் தங்கும் எல்லா நாட்களும் அதில் இருக்கட்டும். ஒரே ஒரு தேதியைச் சொல்லிக் கேட்டால் இடம் கிடைப்பது கடினம். பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும், திரும்ப வராது.

பேராலயத்துக்கு இடப்பக்கம், சுவிஸ் காவலர்கள் நிற்கும் வாயில்தான் வழி. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். முதுகுப் பைக்கு அனுமதியில்லை, படம் எடுக்கவும் கூடாது. உள்ளே புழுக்கம், சந்துகளும் குறுகல். அடைபட்ட இடத்தில் மூச்சு முட்டுகிறவர்கள் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

செங்கல் கல்லறை மண்டபங்கள் தெருவீடுகள் போல வரிசையாக நிற்கின்றன. பெரும்பாலும் கிறிஸ்தவரல்லாத குடும்பங்களுடையவை. பொப்பிலியுஸ் ஹெராக்லா என்பவரின் வாசற்கல்வெட்டை விட்டுவிடாதீர்கள்: 'வத்திக்கானில், சர்க்கஸ் (தேர்ப் பந்தயத் திடல்) அருகே' தனக்குக் கல்லறை கட்டும்படி அவர் எழுதிவைத்த உயில் அது. பேரரசர் நீரோவின் பந்தயத் திடல் பக்கத்தில்தான் இருந்தது என்பதற்கு இதைவிட நேரடிச் சான்று வேண்டுமா? நான்காம் நூற்றாண்டில் பேரரசர் கான்ஸ்டன்டைன் இந்த மண்டபங்களின் கூரையை வெட்டி, உள்ளே மண்ணைக் கொட்டி, குன்றின் சரிவை மேடாக்கிக் கோயில் கட்டினார். சமதளத்தை விட்டுவிட்டு இவ்வளவு பாடு பட்டது, இயேசுவின் சீடர் பேதுரு புதைக்கப்பட்டதாக நம்பப்பட்ட இந்த ஒரு புள்ளிக்காகத்தான். அங்கே கிடைத்த எலும்புகளைவிட இதுவே அவர் கல்லறைக்கு வலுவான சாட்சி.

அந்தப் புள்ளியில் சிவப்புப் பூச்சுச் சுவரும் சிறு மாடமும் உள்ளன. பக்கத்து வடிகால் ஓடுகளின் முத்திரை கி.பி. 147க்கும் 161க்கும் இடைப்பட்டது; ஆகவே மாடம் கட்டியது ஏறக்குறைய 160இல். 1950இல் போப் பன்னிரண்டாம் பயஸ் கல்லறை கிடைத்ததாக மட்டுமே அறிவித்தார். எலும்புகள் பேதுருவுடையவை என்றவர் போப் ஆறாம் பவுல், 1968இல். அறிஞர்களின் சண்டை இன்னும் ஓயவில்லை.

பேதுருதான் முதல் போப்பா, அதாவது ரோமின் முதல் ஆயரா (பிஷப்பா) என்ற கேள்விக்கு மட்டும் இந்தச் சுவரில் பதில் தேடாதீர்கள். 160 வாக்கில் ரோமக் கிறிஸ்தவர்கள் இங்கே அவரை நினைவுகூர்ந்தார்கள் என்பதுவரைதான் அது சொல்லும். 96 வாக்கில் கிரேக்க நகரமான கொரிந்தின் சபைக்குப் போன கடிதம் ரோமச் சபையின் பெயரில் போனது; எந்த ஆயர் பெயரும் அதில் இல்லை. மற்ற ஊர்களுக்கெல்லாம் ஆயருக்குக் கீழ்ப்படியச் சொன்ன அந்தியோக்கியா ஆயர் இக்னாசியார், ரோமுக்கு எழுதும்போது அந்த ஊரின் ஆயரைக் குறிப்பிடவே இல்லை. லீனுஸில் தொடங்கும் ரோம ஆயர் பட்டியலை லியோன் நகர ஆயர் இரேனியு தருவது 180 வாக்கில்தான். ரோமச் சபையை நடத்திய மூப்பர் குழு போய் ஒரே ஆயர் வந்தது இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. மாடம் எழுந்த காலமும் அதுவே.

ஆயர் பதவியைக் கல்லில் பார்க்க ஆசையென்றால் மறுநாள் ஆப்பியா சாலையிலுள்ள கலிஸ்துஸ் சுரங்கக் கல்லறைக்குப் போங்கள். மூன்றாம் நூற்றாண்டு ஆயர்களின் பெயர்கள் அங்கே கிரேக்கத்தில் இருக்கின்றன. ஃபாபியானுஸ் பெயரை அடுத்து 'எபிஸ்கோபோஸ்' (ஆயர்) என்பதன் சுருக்கமும் உண்டு. புதன்கிழமை மூடியிருக்கும்.