இசட்-மேன் டிஆர்டி: குளத்துத் தூண்டிலுக்கு நல்ல ரப்பர் புழு

இசட்-மேன் நிறுவனத்தின் இந்தப் புழு 2.75 அங்குலம்தான், விரல் நீளம். இதையெல்லாம் மீன் கடிக்குமா என்று தோன்றும். ஆனால் இந்த ரப்பர் தண்ணீரில் மிதக்கிற வகை, அதனால் 2 கிராமுக்குள் இருக்கும் காளான் தலை ஜிக்கில் (காளான் வடிவ எடைத் தலை வைத்த முள்) கோத்துப் போட்டால் தலை தரையில் உட்கார, வால் மட்டும் மேலே நிமிர்ந்து லேசாக ஆடிக்கொண்டே இருக்கும், இழுக்காமல் சும்மா விட்டாலும் வேலை நடக்கிறது. அமெரிக்காவில் பாஸ் மீனுக்காக வந்த முறை இது, 'நெட் ரிக்' என்பார்கள்.

கோர்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முள்ளைப் புழுவின் நடுவிலேயே நேராக ஓட்டுங்கள். கோணினால் சுருட்டும்போது சுழன்று தங்கூஸை முறுக்கிவிடும். இழுபடும் ரப்பர் என்பதால் ஏற்ற அடம்பிடிக்கும், முள்ளைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் வழுக்கிக்கொண்டு போகும். தலைப்பக்கம் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ வைத்தால் நழுவாது. அப்புறம், மற்ற ரப்பர் இரைகளோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள், உருகி ஒட்டிக்கொள்ளும்.

ஆகாயத்தாமரையும் பாசியும் மண்டிய விரால் குளத்துக்கு இந்த ஜிக் சரிவராது, முள் திறந்தே இருப்பதால் எறிந்த இடமெல்லாம் மாட்டும். அங்கே அதே புழுவை, முனையை ரப்பருக்குள் புதைக்கும் ஆஃப்செட் முள்ளில் கோத்துப் போடுங்கள்.