அல்டிமேட்ல ஃபவுல்னு கத்தினதும் நிக்கணுமா, த்ரோயர் கவனிக்கிற வரைக்கும் ஆடணுமா?

அல்டிமேட் ஃப்ரிஸ்பீல பொதுவா ரெஃப்ரி கிடையாது. உலக சாம்பியன்ஷிப்லயும் ஆடுறவங்களேதான் ஃபவுல் கால் பண்ணி (அதாவது கத்தி அறிவிச்சு) பேசி முடிக்கணும். அதனால ஒருத்தர் கத்தின அப்புறம் ஆட்டம் எந்த நொடில நிக்குதுங்கறது ரொம்ப முக்கியம். நாங்க ரெண்டு வருஷம் அமெரிக்க சங்கமான யுஎஸ்ஏ அல்டிமேட் ரூல்ல ஆடிட்டு போன சீசன்ல உலக சம்மேளனமான டபிள்யூஎஃப்டிஎஃப் ரூலுக்கு மாறினோம், எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு.

டிஸ்க் (எறியுற தட்டு) காத்துல இருக்கும்போது கால் வந்தா ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், பாஸ் என்ன ஆகுதுன்னு பார்த்துட்டுதான் பேச்சே.

வித்தியாசம் த்ரோயர் (எறியுறவர்) கைல டிஸ்க் இருக்கும்போதுதான். அமெரிக்க ரூல்ல, கால் வந்தது தெரியும்னு த்ரோயர் காட்டினாதான் ஆட்டம் நிக்கும், அவர் கவனிக்காம எறிஞ்சுட்டா ஆட்டம் போய்ட்டே இருக்கும். டபிள்யூஎஃப்டிஎஃப்ல சத்தம் வந்த அந்த நொடியே ஸ்டாப், டர்ன்ஓவரும் (டிஸ்க் எதிரணிக்குப் போறது) ஆகாது. த்ரோயர் அப்பவே எறியுற மோஷன்ல இருந்தாலோ, இல்ல அவர் மேலயே கால் வந்து அப்புறமும் அவர் எறிஞ்சாலோ மட்டும்தான் தொடரும்.

பழைய ரூல்ல எங்களுக்கு பிரச்சனையே இந்த "கவனிக்கிறது"தான். ஒரு மேட்ச்ல 30 மீட்டர் தள்ளி எங்க டிஃபெண்டர் ஒருத்தர் குறுக்க வந்த ஆள் மேல முட்டப் போயி "பிக்"னு (ஆள் குறுக்க வந்ததால தான் காக்குற ஆளைத் தொடர முடியலைன்னு) கத்தினார், எதிர்க்காத்து வேற, த்ரோயர் முன்னாடி மார்க்கர் (அவரைத் தடுக்கிறவர்) கையை விரிச்சுக்கிட்டு "ஆறு, ஏழு"னு எண்ணிட்டிருக்கார், த்ரோயர் எண்ட்ஸோனுக்கு (பாயிண்ட் எடுக்கிற கடைசிப் பகுதிக்கு) லாங் போட்டார், பாதிப் பேர் நின்னுட்டாங்க, பாதிப் பேர் ஓடினாங்க, டிஸ்க் புல்லுல விழுந்துச்சு. த்ரோயருக்கு கேட்டுச்சுன்னா அது ஸ்டாப், டிஸ்க் அவர்கிட்டயே திரும்பும், கேக்கலைன்னா டர்ன்ஓவர், டிஸ்க் எங்களுக்கு. கேட்டுச்சா இல்லையான்னு அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும், அவர் நேர்மையாத்தான் சொன்னார், ஆனா தான் எறியப்போறப்ப காதுல விழுந்ததான்னு அவருக்கே உறுதியா சொல்ல முடியல. ஒரு மனுஷனை அந்த இடத்துல நிறுத்துறதே தப்புன்னு எனக்கு அன்னிக்கு தோணுச்சு.

இப்போ அந்தக் கேள்வியே வரதில்ல. பாஸ் போகாம நின்னுச்சுன்னா, பிக்கோ ஃபவுலோ நடந்தப்ப யார் எங்க இருந்தாங்களோ அங்க போய் நிக்கணும், செக் போட்டு (ரெண்டு பக்கமும் தயார்னு உறுதி பண்ணி) ஆரம்பிக்கணும். ஸ்டால் கவுண்டும் (மார்க்கர் எண்ணுற அந்த எண்ணிக்கை) குழப்பமில்ல, டிஃபென்ஸ் ஃபவுலை ஒத்துக்கிட்டா ஒண்ணுல இருந்து, பிக்னா விட்ட இடத்துல இருந்து, ஆனா 9-ஐ தாண்டக்கூடாது.

குறை இல்லாம இல்ல. நல்லா ஓபனா ஓடிட்டிருக்கிற கட்டரை (பாஸ் வாங்க ஓடுறவரை) ஒரு அவசர "பிக்" அப்படியே முடக்கிடும், எங்களுக்கே ரெண்டு மூணு பாயிண்ட் அப்படி போச்சு. அதுக்குத்தான் பிக் கால் பண்ண 2 செகண்ட் வரைக்கும் பொறுத்து, ஆட்டத்தை பாதிக்குதான்னு பாக்கலாம்னு ரூல்லயே இருக்கு, அதை புதுசா வர்றவங்களுக்கு முதல் நாளே சொல்லிடறோம்.

பெரிய டோர்னமெண்ட் நான் ஆடினதில்ல. அமெரிக்காவுல அங்கல்லாம் அப்சர்வர் நிப்பாங்க, ரெண்டு பக்கமும் ஒத்துவரலைன்னா தீர்ப்பு சொல்வாங்க, அப்போ அந்த ரூல் நல்லாவே ஓடலாம். வாரக்கடைசில 14 பேர் சேர்ந்து ஆடுற எங்க மாதிரி டீமுக்கு உடனே நிக்கிறதுதான் சரி. ஒண்ணே ஒண்ணு, கால் காதுல விழுந்த எல்லாரும் அதையே திரும்பக் கத்தணும், இல்லைன்னா அந்தக் கோடில இருக்கிறவர் சும்மா ஓடிட்டே இருப்பார்.