நான்கு இன்ஜெக்டருக்குப் பணம் கொடுத்தேன், ஒன்றுகூட மாற்றப்படவில்லை

சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் விடியற்காலையில் காய்கறி ஏற்றி, தேக்காவைச் சுற்றியுள்ள கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவது என் தொழில். கடந்த மார்ச் மாதம், சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் என் டீசல் பிக்அப் உதறத் தொடங்கியது. ஓடும்போது ஒரு குறையும் இல்லை. நின்றதும், நிமிடத்துக்கு 750 சுற்றில் அசையாமல் இருக்கவேண்டிய முள் 600-க்கும் 950-க்கும் இடையே ஏறி இறங்கும். ஏர்கான் போட்டால் இன்னும் மோசம். சிராங்கூன் சாலையில் இரண்டு முறை எஞ்சின் அணைந்தே போனது.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒரு பட்டறைக்குப் போனேன். உரிமையாளர் தமிழர். "வாங்கண்ணே, தேநீர் குடிங்கள்" என்று வரவேற்றார். நம் மொழியில் விளக்கமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்ற நிம்மதியில் நான் கேள்வி கேட்கவே மறந்துவிட்டேன். எஞ்சின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை அவர் செருகினார், ஐந்து நிமிடம் திரையைப் பார்த்தார். "நான்கு இன்ஜெக்டரும் போய்விட்டன. ஒன்பது வருட வண்டிக்கு இது சகஜம். அடுத்த மாதம் வாகனச் சோதனை வருகிறது, புகையில் தோற்றுவிடுவீர்கள்" என்றார். இன்ஜெக்டர் என்பது எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம். வேலையாட்களுக்குச் சம்பளம் தரவேண்டியவனுக்கு இந்த ஒரு பயம் போதாதா? 2,600 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) ஒப்புக்கொண்டேன். மூன்று நாள் வண்டி அங்கே கிடந்தது. வாடகை வேனுக்கு 270 வெள்ளி தனியாகப் போனது.

திரும்பி வந்த வண்டி இரண்டு நாள் நன்றாக நின்றது. மூன்றாம் நாள் அதே உதறல். மறுபடி போனபோது, "அப்படியானால் டீசல் பம்ப்தான், இன்னும் 2,400 ஆகும்" என்றார். கழற்றிய பழைய இன்ஜெக்டர்களைக் காட்டச் சொன்னேன். தூக்கிப் போட்டாயிற்று என்றார். அங்கேதான் எனக்கு உறுத்தியது.

சின் மிங் பகுதியில் முப்பது ஆண்டுக்கு மேலாக டீசல் வேலை பார்க்கும் சீனப் பெரியவர் ஒருவரிடம் வண்டியை விட்டேன். அவர் செய்ததை அருகிலேயே நின்று பார்த்தேன். முதலில் ஸ்கேனர் வழியாக ஒவ்வொரு இன்ஜெக்டராக நிறுத்திப் பார்த்தார். பழுதான ஒன்றை நிறுத்தினால் எஞ்சினில் மாற்றமே தெரியாது. நல்லதை நிறுத்தினால் உடனே தடுமாறும். நான்கும் ஒரே அளவில் தடுமாறின. அடுத்து, இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பிவரும் டீசலை நான்கு சிறு புட்டிகளில் பிடித்தார். தேய்ந்துபோன இன்ஜெக்டரின் புட்டி மட்டும் சீக்கிரம் நிரம்பும். நான்கிலும் ஏறக்குறைய ஒரே மட்டம். ஆக, இன்ஜெக்டர்களில் கோளாறே இல்லை.

பிறகு எரிபொருள் அழுத்தத்தைத் திரையில் காட்டினார். கணினி கேட்கும் அழுத்தம் ஒரே கோடாக நிற்க, உண்மையில் கிடைக்கும் அழுத்தம் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. உயர் அழுத்தப் பம்புக்குள் எவ்வளவு டீசல் போகவேண்டும் என்று அளந்துவிடும் சிறிய வால்வு ஒன்று பம்பின் மேலேயே இருக்கிறது, எஸ்.சி.வி. என்பார்கள். அழுக்குப் படிந்தால் அது சிக்கிச் சிக்கி நகரும், எஞ்சினும் கூடவே ஏறி இறங்கும். பம்பை மாற்றத் தேவையில்லை, வால்வை மட்டும் மாற்றினால் போதும். மாற்றினார், புதிய வால்வுக்கு ஏற்பக் கணினியைப் பழக்கினார். மொத்தச் செலவு 340 வெள்ளி. முள் 750-இல் அப்படியே நின்றது.

அவர் சொன்ன இன்னொன்றுதான் என் வயிற்றைக் கலக்கியது. இன்ஜெக்டர் குழாய்களின் நட்டுகளில் பல வருட அழுக்கு அப்படியே இறுகிக் கிடந்தது. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை. ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் அதற்கே உரிய குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். புதிதாகப் போட்டால் அந்த எண்ணை எஞ்சின் கணினியில் பதிய வேண்டும். மூன்று ஆண்டுக்கு முன் இந்த வண்டியை வாங்கியபோது எஞ்சினைப் படம் எடுத்து வைத்திருந்தேன். கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்தோம். நான்கு எண்களும் அதேதான். மாற்றப்பட்டிருந்தது டீசல் ஃபில்டர் மட்டும்.

சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் இணையம் வழியே மனு கொடுத்தேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும். வழக்கறிஞர் வைக்க அனுமதி இல்லை, நாமே பேசவேண்டும். என் பெரிய பலவீனம் பட்டறை கொடுத்த ரசீதுதான். "எஞ்சின் ரிப்பேர், பாகங்கள் உட்பட" என்று ஒரே வரி. இன்ஜெக்டர் என்ற சொல்லே இல்லை. தொகையைக் கட்டும்போது நான் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. என்னைக் காப்பாற்றியவை அந்தப் பழைய படமும், "4 இன்ஜெக்டர் 2,600" என்று அவரே எனக்கு அனுப்பியிருந்த வாட்ஸ்அப் செய்தியும்.

ஆகவே, தயவுசெய்து: வண்டியை விடும் முன் எஞ்சினைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இன்ஜெக்டர் எண்கள் தெரியும்படி. என்ன சோதனை செய்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேளுங்கள். ஸ்கேனரில் வரும் பிழைக் குறியீடு எந்த இடத்தில் சிக்கல் என்பதைத்தான் காட்டும். எந்தப் பாகத்தை வாங்கவேண்டும் என்று அது சொல்லாது. பழைய பாகங்கள் எனக்கு வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். ரசீதில் ஒவ்வொரு பாகமும் எண்ணோடு தனி வரியாக இருக்கவேண்டும்.

மன்றத்தில் நடந்த முதல் கலந்தாலோசனையிலேயே பட்டறை உரிமையாளர் 1,900 வெள்ளியை இரண்டு தவணையாகத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். நானும் சம்மதித்தேன், இன்னொரு நாள் வேலையை விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது. முதல் தவணை போன வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. இரண்டாவது அடுத்த மாதம் 15-ஆம் தேதி வரவேண்டும். வந்தாலும் வராவிட்டாலும் இங்கே எழுதுகிறேன்.