ஐந்து சீசன் பாவித்த சம்மதக் கேள்விகள்

திருகோணமலைப் பக்கம் நிலாவெளிக் கடற்கரையிலிருந்து புறாத்தீவுக்கு வள்ளத்தில் ஆட்களைக் கூட்டிப்போகும் வேலையில் எனக்கு இது ஐந்தாவது சீசன். கடல் அமைதியாக இருக்கிற மே முதல் செப்டம்பர் வரை, பத்து வெளிநாட்டுக்காரரை ஒரே நேரத்துக்குச் சம்மதிக்க வைப்பதிலேயே பாதிப் பொழுது போய்விடும். அதற்கு நான் பாவித்துப் பார்த்த ஆங்கிலக் கேள்விகளைப் பற்றித்தான் இது.

முதல் வருஷம் 'ஆர் யூ அக்ரீ?' என்று கேட்டுத் திரிந்தேன். இலக்கணமே பிழை. அக்ரீ வினைச்சொல், முன்னால் 'டூ' வர வேண்டும். திருத்தி 'டூ யூ அக்ரீ?' என்றால் பட்டிமன்றத்தில் கேட்பது போல முகத்தைப் பார்த்தார்கள். விடிய 6 மணிக்குப் புறப்படுவதில் கருத்து வேறுபாடு என்ன வேண்டிக் கிடக்கிறது?

அடுத்தது 'எனி ஒப்ஜெக்‌ஷன்ஸ்?'. சங்கக் கூட்டத்துக்குச் சரி. கடற்கரையில் கேட்டால் அதிகாரி போல ஒலிக்கிறது. யாரும் வாய் திறக்கவில்லை, மௌனம் சம்மதம் என்று நம்பினேன். மறுநாள் இரண்டு பேர் வரவேயில்லை.

'வீ கோ அட் சிக்ஸ், நோ?' என்று நம்மூர் 'தானே'யை வாலில் ஒட்டினால் கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்கு உடனே விளங்கும். வெள்ளைக்காரர்தான் போகிறோமா இல்லையா என்று குழம்புவார்.

பெரிய கூத்து 'டஸ் எனிவன் மைண்ட் இஃப் வீ லீவ் அட் சிக்ஸ்?' என்பதில் நடந்தது. 'உங்களுக்கு ஆட்சேபனையா?' என்று கேட்கிற கேள்வி, ஆகவே 'நோ' என்றால் சம்மதம். எல்லாரும் சிரித்துக்கொண்டு 'நோ, நோ' என்றார்கள். பக்கத்தில் நின்ற வள்ளக்கார அண்ணா அந்த 'நோ'வை மட்டும் பிடித்துக்கொண்டு, ஆறு மணி வேண்டாமாம் என்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கிவிட்டார். ஏழே கால் வரை மணலில் நின்றோம்.

மூன்று வருஷமாக மாற்றாமல் வைத்திருப்பது 'டஸ் தட் வேர்க் ஃபோர் எவ்ரிவன்?'. 'எல்லாருக்கும் தோதுப்படுமா?' என்பதன் அதே தொனி. தோதுப்படாதவர் கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறார். 'இஸ் எவ்ரிவன் ஓகே வித் தட்?' என்பதும் நல்லது, ஆனால் எவ்ரிவன் ஆங்கிலத்தில் ஒருமை, அவசரத்தில் எனக்கு 'ஆர்' வந்துவிடும். இளவட்டங்கள் என்றால் 'சவுண்ட் குட்?' போதும்.

வள்ளக்கார அண்ணாவுக்கு மட்டும் இப்போது ஆறு விரலைக் காட்டிவிடுகிறேன்.