கையை வீசியா, பட்டனை அழுத்தியா?

கையசைத்து ஆடும் வீடியோ கேமில் பட்டனால் ஆடவும் வழி வைத்தால் கேம் கெட்டுவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். கையசைத்து ஆடும் முறைக்கு உரிய பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2006-ல் நின்டெண்டோ வீ என்ற கேம் கருவி வந்தபோது, கேம் பக்கமே வராதவர்கள்கூட ரிமோட்டை மட்டை மாதிரி வீசி டென்னிஸ் ஆடினார்கள். எந்தப் பட்டன் எதற்கு என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. குறி பார்க்கவும் எனக்கு கட்டைவிரலால் தள்ளும் ஸ்டிக்கைவிட, கன்ட்ரோலர் திரும்புவதை உணரும் ஜைரோதான் வசதி, மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் போதும்.

ஆனால் அதற்கு இடம் வேண்டும், சொன்னபடி கேட்கிற கையும் வேண்டும். முத்தியால்பேட்டையில் எங்கள் முன்னறையில் கட்டில், பீரோ போக மிச்சம் நாலு தப்படிதான். அண்ணனுக்கு பைக்கில் விழுந்ததிலிருந்து வலது கை தோளுக்கு மேல் எழாது. போன பொங்கல் லீவில் ஒரு கேமில் கன்ட்ரோலரை வெடுக்கென்று மேலே தூக்க வேண்டிய இடம் வந்தது, மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு, "நீயே ஆடுடா" என்று என் கையில் கொடுத்துவிட்டு தோளைத் தேய்த்துக்கொண்டே எழுந்து போனார். எனக்கு அன்றைக்கு ஆடவே மனசு வரவில்லை.

பட்டன் வழி வைத்தால் கேம் கெட்டுவிடும் என்பதை நான் ஏற்கமாட்டேன். 2011-ல் வீ-க்கு வந்த ஜெல்டா ஸ்கைவார்ட் ஸ்வோர்ட் என்ற கேமில் ரிமோட்டை வீசினால்தான் வாள் வீச முடியும். 2021-ல் அதே கேம் நின்டெண்டோவின் ஸ்விட்ச் என்ற கருவிக்கு வந்தபோது, வலது ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் வாள் போகும்படியும் வைத்தார்கள். கேமராவைத் திருப்ப எல் பட்டனைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அது கொஞ்சம் தொல்லைதான். சரி, பரவாயில்லை. கையை வீச ஆசைப்படுகிறவர்களுக்குப் பழைய முறையும் அதிலேயே இருக்கிறது. அண்ணனுக்கு அதைத்தான் வாங்கிக் கொடுக்கப் போகிறேன்.