ஐ ஆம் பில்கிரிமா, ஸ்லோ ஹார்சஸா?

உளவு நாவல் படிக்க ஆசை, எதில் தொடங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இரண்டு புத்தகங்கள். மிக் ஹெரனின் ‘ஸ்லோ ஹார்சஸ்’ (2010), டெர்ரி ஹேய்ஸின் ‘ஐ ஆம் பில்கிரிம்’ (2013). இரண்டிலும் கதையை முடுக்கிவிடுவது ஒரு தலைவெட்டுதான். பில்கிரிமில் ஜித்தாவில் ஒருவரின் தலையைப் பொது இடத்தில் வெட்டுகிறார்கள். அவருடைய மகன் வளர்ந்து உலகத்துக்கே வினையாகிறான். ஸ்லோ ஹார்சஸில் ஒரு கும்பல் ஒரு மாணவனைக் கடத்தி, இவன் தலையை வெட்டுவதை இணையத்தில் நேரலையாகக் காட்டுவோம் என்கிறது. ஒன்றில் நடந்துவிட்டது, மற்றதில் நடக்கப்போகிறது. இரண்டு புத்தகங்களும் பிரிவது இந்த இடத்தில்தான்.

பில்கிரிம் பெரிய புத்தகம், எழுநூறு பக்கத்துக்கு மேலே போகும். ஆனால் கனம் தெரியாது. ஹேய்ஸ் ‘மேட் மாக்ஸ் 2’ திரைக்கதையில் பங்கெடுத்தவர். காட்சியை எங்கே வெட்டவேண்டும் என்பது கைப்பழக்கம். அத்தியாயங்கள் குட்டி குட்டியாக இருக்கும், ஒவ்வொன்றின் கடைசி வரியும் அடுத்த பக்கத்தைத் திருப்பவைக்கும். ‘அதற்கு எவ்வளவு விலை கொடுக்கப்போகிறேன் என்று அப்போது தெரியவில்லை’ என்ற ரக வரிகள். முதல் பத்து முறை நன்றாகத்தான் இருக்கும். அப்புறம் கை தட்டிக் கூப்பிடுவது போலத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

இதில் என்னை உண்மையில் பயமுறுத்தியது வில்லன்தான். ஜித்தாவில் தலை வெட்டப்பட்டவரின் மகன்தான் அவன். சாரசன் என்று மட்டும் அழைக்கப்படும் அந்த மருத்துவர் தனி ஆள், இயக்கம் கிடையாது. அவனுடைய ஆயுதம் பெரியம்மை. பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார அமைப்பு 1980-இல் அறிவித்தது. அதிகாரபூர்வமாகக் கிருமி இருப்பது அட்லாண்டாவிலும் ரஷ்யாவின் கோல்ட்சோவோவிலும் மட்டுமே. திருட முடியாததால் அவன் மரபணு வரிசையை வைத்துக் கிருமியைத் தானே உருவாக்குகிறான். தடுப்பூசியையும் மீறி அது கொல்லுமா என்று பார்க்க, இந்துகுஷ் மலையில் ஆளில்லாத ஒரு கிராமத்தில் மூன்று பேரை அடைத்துவைக்கிறான். கதைதானே என்று தள்ளிவிடவும் முடியவில்லை. நாவல் வந்து ஐந்து வருடத்தில், தபாலில் வரவழைத்த மரபணுத் துண்டுகளைக் கொண்டு, பெரியம்மைக்கு உறவான குதிரையம்மைக் கிருமியை உருவாக்கியதாகக் கனடா விஞ்ஞானிகள் ஆய்விதழில் எழுதினார்கள்.

இவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறவர்தான் கண்ணாடிக் காட்சியையும் எழுதியிருக்கிறார் என்பதை நம்ப முடியவில்லை. (கதைத் திருப்பம் தெரியவேண்டாம் என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) துருக்கியின் போட்ரம் நகரில் ஒரு மாளிகையில் மர்மச் சாவு. அங்கிருந்த நிலைக்கண்ணாடிகளை நாயகன், பில்கிரிம் என்ற அமெரிக்க உளவாளி, இத்தாலியின் ஃப்ளாரன்ஸுக்குக் கொண்டுபோய், பின்பூச்சிலிருக்கும் சில்வர் நைட்ரேட் புகைப்படச் சுருள் போல அன்றைய காட்சியைப் பதிவு செய்திருக்கும் என்று அதை வெளியே எடுக்கிறான். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது வெறும் வெள்ளி உலோகம். பூசும்போதே நைட்ரேட் மாறிவிடும். சரி, நைட்ரேட்டே இருந்தாலும் லென்ஸ் இல்லாமல் உருவம் எங்கிருந்து குவியும்? இரவும் பகலும் வெளிச்சம் பட்ட பரப்பில் அந்த ஒரு நொடி மட்டும் எப்படித் தனியாக நிற்கும்? ஆனால் படிக்கும்போது இந்தக் கேள்வி எதுவும் எழவில்லை, அந்த வேகத்தில் ஓடவிட்டிருக்கிறார். மறுநாள் காலை பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது.

இதைவிடப் பெரிய குறை நாயகன். அவனுக்குத் தெரியாதது எதுவுமில்லை. குற்றவாளியைப் பற்றியும் அவனே சொல்கிறான், கூடவே இருந்து பார்த்தவன் மாதிரி. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன் என்று ஒரு சால்ஜாப்பு வேறு. இவன் தோற்கமாட்டான் என்று நூறாவது பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. மிச்சமிருப்பது எப்படி ஜெயிக்கிறான் என்பது மட்டும்.

ஸ்லோ ஹார்சஸில் எல்லாரும் தோற்ற பிறகுதான் கதை தொடங்குகிறது. பிரிட்டனின் உள்நாட்டு உளவுத் துறையான எம்.ஐ.5-இல் இருக்கும் ரிவர் கார்ட்ரைட் பயிற்சி ஒன்றில் ஆளை மாற்றிப் பிடித்துவிடுகிறான்: சட்டை, உள்ளே டீ-சர்ட், இரண்டில் எது வெள்ளை, எது நீலம் என்ற குழப்பம். அவ்வளவுதான், லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையமே ஸ்தம்பிக்கிறது. அவனைத் தள்ளிவிடும் இடம் ஸ்லவ் ஹவுஸ், வேலையை விட்டுப் போகட்டும் என்றே ஆட்களை உட்காரவைக்கும் கிளை. அங்கிருப்பவர்களுக்குத்தான் ஸ்லோ ஹார்சஸ், மந்தக் குதிரைகள், என்று கேலிப் பெயர். ரகசிய வட்டு ஒன்றை ரயிலில் மறந்து வைத்துவிட்டு வந்தவனும் அங்கேதான் இருக்கிறான். முன்கதவு திறப்பதே இல்லை, பின்சந்து வழியாகத்தான் நுழையவேண்டும். மேல்மாடியில் கிளைத் தலைவர் ஜாக்சன் லாம்ப், ஓட்டைக் காலுறையோடு காலை மேசைமேல் போட்டுக்கொண்டு சிகரெட் ஊதுகிறார்.

ஹெரன் உளவுத் துறையில் இருந்தவர் இல்லை, சட்ட வெளியீடுகளைச் செப்பனிடும் அலுவலக வேலை பார்த்தவர். அது எழுத்தில் நன்றாகவே தெரிகிறது. உளவு விவரத்தில் அவருக்கு அக்கறையே கிடையாது, எம்.ஐ.5 தலைமையகம் தேம்ஸ் ஹவுஸில் இருக்க, அவர் கதையில் அது ரீஜென்ட்ஸ் பார்க்குக்குப் போய்விட்டது. ஆனால் யார் யாருடைய பழியைச் சுமப்பது, எந்தக் கோப்பு எப்போது காணாமல் போகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

கடத்தப்பட்ட ஹசன் பாகிஸ்தானியப் பூர்விகம் கொண்ட பிரிட்டிஷ் இளைஞன், மேடையில் ஜோக் சொல்ல ஆசைப்படுகிறவன். நிலவறை இருட்டில் கிடக்கும்போதும் மனசுக்குள் ஜோக் கட்டிப்பார்க்கிறான். பில்கிரிமில் லட்சக்கணக்கான உயிர் பணயம், இங்கே ஒரே ஒரு பையன். எனக்கு இவனுக்காகத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது.

குறை இல்லாமல் இல்லை. முதல் நூறு பக்கம் மாடிமாடியாக ஆட்களை அறிமுகப்படுத்துகிறார், பெயர்கள் குழம்பும். ஒரு பாத்திரத்தின் மனசுக்குள் நம்மை உட்காரவைத்துவிட்டு, அவருக்குத் தெரிந்த முக்கியமான விஷயத்தை மட்டும் நம்மிடம் மறைப்பார்; அது கொஞ்சம் அழுகுணி ஆட்டம். தொடரின் பின்வரும் நாவல்களிலும் லாம்பின் கெட்ட நாற்றம் அதே அளவில் வீசிக்கொண்டிருக்கும்.

நீண்ட பயணம், கையில் ஒரு புத்தகம் போதும் என்றால் பில்கிரிமை எடுங்கள். நான் இரண்டாம் முறை எடுத்தது ஸ்லோ ஹார்சஸைத்தான். பில்கிரிமையும் முயன்றேன், போட்ரம் வரை போக முடியவில்லை.